குழந்தைக்கு அரிசிக் கஞ்சி: ஆர்சனிக் பயம் எவ்வளவு?

கேள்வி: டப்பா உணவில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இருப்பதாகப் படித்ததிலிருந்து, ஏழு மாதக் குழந்தைக்கு வீட்டிலேயே அரிசியை வறுத்துப் பொடித்துக் கஞ்சி காய்ச்சுகிறேன். இதில் பயமில்லைதானே?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வீட்டில் செய்வதால் மட்டும் ஆர்சனிக் போய்விடாது. அது வயலிலேயே அரிசிக்குள் ஏறிவிடுகிறது. நீர் தேங்கிய மண்ணில் காற்று இருக்காது. இரும்புத் துகள்களில் ஒட்டியிருக்கும் ஆர்சனிக் அப்போது கரைந்து வெளியே வரும். நெற்பயிர் சிலிக்காவை உறிஞ்சும் வழியிலேயே அதையும் உறிஞ்சிக்கொள்ளும். வறுத்தாலும் அரைத்தாலும் அது குறையாது. தவிட்டில்தான் அதிகம் தங்கும் என்பதால், குழந்தைக்குக் கைக்குத்தல் அரிசியைவிடத் தீட்டிய அரிசியே மேல்.

பொடிக் கஞ்சியை வடிக்க வழியில்லை. குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்தாலும் எல்லாம் சாதத்திலேயே நின்றுவிடும். அதனால் பழையபடி வடித்துச் சமையுங்கள். கால் கப் அரிசியைக் கழுவி, இரண்டு கப் தண்ணீரில் வேகவையுங்கள். குழைய விட்டால் வடிக்க முடியாது. பருக்கை விரலில் நசுங்கும் பதத்தில் வடித்துவிட்டு, புதிதாக வெந்நீர் ஊற்றி மறுபடி குழைய வேகவைத்து மசியுங்கள். ஆறு முதல் பத்து மடங்கு தண்ணீரில் வேகவைத்து வடித்தால், அரிசி ரகத்தைப் பொறுத்து, 40 முதல் 60 சதவீதம்வரை குறையும். வெறுமனே கழுவினால் கொஞ்சம்தான் போகும். வடித்தெடுத்த கஞ்சித் தண்ணீரைத் தயவுசெய்து குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கரைந்த ஆர்சனிக் அதில்தான் இருக்கும். பி வைட்டமின்களும் அதோடு போய்விடும் என்பதால் பருப்பும் சேர்த்து மசித்துக் கொடுங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்: லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கக் கூடாது. கொதிக்கவைத்தாலும் அது போகாது.

கேள்வி: இங்கே கடையில் விற்கும் அரிசி சீரியலை நம்பிக் கொடுக்கலாமா?
- வாசகர், நியூ ஜெர்சி

பதில்: அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-இல் குழந்தைகளுக்கான அரிசி சீரியலுக்குக் கனிம ஆர்சனிக் (ஆர்சனிக்கின் அதிக நச்சு வடிவம்) வரம்பாகக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் என்று வைத்தது. உலர் சீரியலில் ஈயத்துக்கு 2025 ஜனவரியில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்று அறிவித்தது. இந்த வரம்புக்குள் இருந்தால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. குழந்தையின் எடை குறைவு. தினமும் அதையே கொடுத்தால் சேர்ந்துகொண்டே போகும். ஓட்ஸ், பார்லி, கேழ்வரகு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். அரிசி சீரியலை நிறுத்தினால், அதில் சேர்த்திருந்த இரும்புச்சத்தும் நின்றுபோகும். இரும்புச்சத்துக் குறைந்த உடல் ஈயம், காட்மியம் ஆகிய நச்சு உலோகங்களைக் கூடுதலாக உறிஞ்சும். எனவே இரும்பு சேர்த்த ஓட்ஸ் சீரியல், பருப்பு, மசித்த இறைச்சி ஆகியவற்றில் ஏதாவது தினமும் இருக்கட்டும்.

கேள்வி: பசும்பால் ஒத்துக்கொள்ளாத இரண்டு வயதுக் குழந்தைக்கு அரிசிப் பால் தரலாமா?
- வாசகி, லண்டன்

பதில்: வேண்டாம். ஆர்சனிக் காரணமாகவே, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைத் தர வேண்டாம் என்கிறது பிரிட்டன் அரசு. அதற்குப் பதில் எது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.