மகளின் படத்தை லேயர் லேயராகப் பாருங்கள்

வணக்கம் அம்மா.

நேற்று மகளை என்னிடம் ஆலோசனைக்கு அழைத்து வந்துவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் நின்று அவளைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "எப்போது பார்த்தாலும் போட்டோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டு இருக்கிறாள். நிறுத்தச் சொல்லட்டுமா, இல்லை இதிலேயே படிக்க வைக்கட்டுமா?" என்றீர்கள். இரண்டில் எதையும் இப்போதே முடிவு செய்யாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் வெளியே காத்திருந்த முக்கால் மணி நேரமும் அவள் என்னிடம் ஒரே ஒரு படத்தைத்தான் காட்டினாள். மேசைமேல் தண்ணீர் கொட்டிக் கிடக்கிறது. அது ஏரியாகிவிட்டது. அதில் அவள் தம்பி காகிதப் படகில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறான், மேலே மேசை விளக்கு நிலா மாதிரி எரிகிறது. முடிந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவள் எனக்குத் திறந்து காட்டியது மூலக் கோப்பை. 41 லேயர்கள், அதாவது கண்ணாடித் தாள்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படத்துண்டுகள். ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துக் காட்டினாள்.

அதில் 'தம்பி பகல்' என்ற பெயரில் ஒரு லேயர் அணைந்தே கிடந்தது. விசாரித்தேன். முதலில் தம்பியை வெளியே நிழலில் நிற்க வைத்துப் படம் எடுத்திருக்கிறாள். அந்த நீலச் சாயல் விளக்கின் மஞ்சளோடு ஒட்டவில்லை. நிறத்தைச் சரிசெய்து பார்த்திருக்கிறாள். அப்போதும் முகத்தில் வெளிச்சம் விழும் பக்கம் இடித்தது. கடைசியில் இரவில், அதே விளக்கை அதே பக்கம் வைத்து, தம்பியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி மறுபடி எடுத்திருக்கிறாள். (தம்பிக்கு இன்னும் கோபம் தீரவில்லையாம்.)

அதைவிட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது படகின் பிம்பம். படகை அப்படியே தலைகீழாகத் திருப்பி ஒட்டினால் தண்ணீரில் தெரியும் பிம்பம் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். வராது. கேமரா சற்று மேலிருந்து படகைப் பார்க்கிறது. பிம்பத்திலோ கீழிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். "ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் படகை விட்டு, குனிந்து குனிந்து பார்த்தேன் சார், அப்புறம்தான் புரிந்தது" என்றாள். பிம்பத்துக்கென்று கீழ்க்கோணத்திலிருந்து தனியாக ஒரு படம் எடுத்திருக்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை.

இது போன் வந்த பிறகு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்ட பித்து என்று நீங்கள் வருத்தப்பட்டீர்கள். 1857-லேயே ஆஸ்கர் ரைலண்டர் என்ற புகைப்படக் கலைஞர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் என்ற படத் திருத்த மென்பொருள் 1990-ல் வெளிவந்தது, அதில் லேயர் வசதி 1994-ல் சேர்ந்தது. உங்கள் மகள் செய்வது பழைய கைவேலை. கருவிதான் மாறியிருக்கிறது.

சரி, இதில் வேலை உண்டா? உண்டு, ஆனால் 'இது' என்று ஒரே வேலையாக இல்லை. அதனால்தான் எந்தப் பிள்ளையிடமும் நான் படம் நன்றாக வருகிறதா என்று முதலில் கேட்பதில்லை. எந்தப் பகுதியைச் செய்யும்போது நேரம் போவது தெரியவில்லை என்று கேட்பேன். தலைமுடியின் ஓரத்தை இழை இழையாக மாஸ்க் செய்வதில், அதாவது வேண்டாததை மறைத்து வேண்டியதை மட்டும் தெரிய வைப்பதில், அலுப்பே வராத பிள்ளைகள் உண்டு. படத் திருத்தம், சினிமா விஷுவல் எஃபெக்ட்ஸில் ரோட்டோ (நகரும் உருவத்தின் ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து பிரிப்பது), பெயிண்ட் (காட்சியில் வேண்டாததை அழிப்பது) போன்ற பிரிவுகள் அவர்களுக்குப் பொருந்தும். மேசையை ஏரியாக்கலாமே என்று தோன்றும் அந்தக் கணத்துக்காகவே உட்காருகிறவர்களுக்கு விளம்பரம், இல்லஸ்ட்ரேஷன், சினிமாவுக்கான மேட் பெயிண்டிங் (காட்சியின் பின்னணியை வரைந்து உருவாக்குவது) இருக்கின்றன. விளக்கை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதே பிடித்துவிட்டால் அது கேமராவை நோக்கிப் போகும் வழி.

உங்கள் மகள் கேட்ட ஒரு கேள்வி வேறொரு கதவையும் காட்டியது. "மல்டிப்ளை போட்டால் ஏன் சார் படம் இருட்டாகிறது? பெருக்கினால் கூடத்தானே செய்யணும்?" நல்ல கேள்வி அம்மா. மல்டிப்ளை என்பது மேல் லேயரைக் கீழ் லேயரோடு பெருக்கிக் கலக்கும் ஒரு மோடு. ஒரு பிக்சலின் (படத்தின் மிகச் சிறிய புள்ளியின்) ஒவ்வொரு நிறமும் வழக்கமாக 0 முதல் 255 வரையிலான ஓர் எண். அதை 0 முதல் 1 வரை என்று வைத்துக்கொண்டு கணினி பெருக்குகிறது. 0.5-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 0.25. வெள்ளை என்பது 1, அதனால் அது கீழே உள்ளதை மாற்றாது. நிழல் போட அந்த மோடு ஏன் பொருந்துகிறது என்று சொன்னதும் அவளே காகிதத்தை எடுத்து 0.8 × 0.3 என்று போட ஆரம்பித்துவிட்டாள். ஒரு படம் இன்னொன்றின் மேல் ஒளி ஊடுருவும்படி உட்காருவதற்கான கணக்கை போர்ட்டர், டஃப் என்ற இருவர் 1984-ல் எழுதிய கட்டுரை ஒழுங்குபடுத்தியது. ஒரு லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்று அவள் தினமும் நகர்த்தும் ஒபாசிட்டி பட்டைக்கு அடியில் அந்த வகைக் கணக்குதான் ஓடுகிறது. கணினி வரைகலை, பட அலசல், செயற்கைக்கோள் படங்களைச் சீர்செய்வது என எல்லாவற்றுக்கும் இப்படிப் படத்தை எண்களாகக் கணக்கிடுவதுதான் அடித்தளம். ஆகவே என் அழுத்தமான யோசனை: கணிதத்தை விட வேண்டாம். அவள் விடலாமா என்று கேட்டதால் சொல்கிறேன். கணிதம் கையில் இருந்தால் பொறியியலுக்கும் போகலாம், வடிவமைப்புக்கும் போகலாம். விட்டுவிட்டால் ஒரு பக்கம் அடைபடும். இதே மாதிரிக் கற்பனைப் படங்களுக்காக உலகமெங்கும் அறியப்பட்ட சுவீடன் கலைஞர் எரிக் யோஹான்சன் படித்தது கணினிப் பொறியியல்தான்.

ஏஐ வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று அவளுடைய அப்பா கேட்டதாகச் சொன்னீர்கள். அவருடைய பயத்தில் பாதி நியாயம். நான்கு வார்த்தை எழுதினால் வெற்றிடத்தை நிரப்பும் வசதி 2023-லேயே போட்டோஷாப்புக்குள் வந்துவிட்டது. பின்னணியை மட்டும் வெட்டியெடுக்கும் வேலை சுருங்கிக்கொண்டு வருகிறது, அதை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இயந்திரம் கொடுத்த படத்தில் பாதத்துக்குக் கீழே நிழல் மங்கலாகவும் தள்ளிப் போகப்போகக் கூர்மையாகவும் இருந்தால், அது தலைகீழாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டும். தட்டில் படகை விட்டுப் பார்த்தவளுக்கு அந்தக் கண் வந்துகொண்டிருக்கிறது.

விஷுவல் எஃபெக்ட்ஸ் துறையைப் பற்றி ஒன்றை மறைக்கக் கூடாது. அங்கே வேலை பெரும்பாலும் ஒவ்வொரு சினிமாவுக்கும் தனித்தனியாக வரும். கெடு நெருங்கும்போது இரவு பகல் தெரியாது. அவள் அதையும் தெரிந்துகொண்டே ஆசைப்படட்டும்.

மென்பொருள் சொல்லித்தரும் குறுகிய காலப் பயிற்சியில் இப்போதே பணம் கட்டாதீர்கள். பொத்தான்கள் வருடத்துக்கு வருடம் இடம் மாறும். ஓவியம், பெர்ஸ்பெக்டிவ் (தூரமும் கோணமும் மாறும்போது பொருள் தெரியும் விதம்), ஒளி ஆகிய மூன்றும் மாறாது. வகுப்புக்கு அனுப்புவதென்றால் ஓவியத்துக்கு அனுப்புங்கள். விலையுயர்ந்த கணினியும் இப்போது தேவையில்லை. படத் திருத்த மென்பொருள்களில் கிம்ப் இலவசம், போட்டோபியா பிரவுசரிலேயே ஓடும். சினிமாவில் காட்சித் துண்டுகளை இணைக்கப் பயன்படும் நியூக் மென்பொருளுக்குக்கூட, வணிகத்துக்கு அல்லாமல் கற்றுக்கொள்ள மட்டும் ஓர் இலவசப் பதிப்பு இருக்கிறது.

அடுத்த ஆறு மாதத்துக்கு அவளோடு நான் பேசிக்கொண்டது இவ்வளவுதான். மாதம் ஒரு படம், எல்லாத் துண்டுகளும் அவளே எடுத்தவையாக இருக்க வேண்டும். முடிந்ததும் மூலப் படங்கள், இடையில் தோற்றவை, கடைசிப் படம் மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வடிவமைப்புப் படிப்புக்குப் போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) கேட்டால் இந்தப் பக்கங்கள்தான் பேசும். தோழிகளின் முகத்தை அனுமதி கேட்காமல் எந்தப் படத்திலும் ஒட்டக் கூடாது, விளையாட்டுக்கும் கூடாது. இதைக் கண்டிப்பாகவே சொன்னேன். செய்திப் படங்களில் ஒட்டுவேலை ஏன் கூடாது என்றும் பேசினோம். 1982-ல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டைப்படத்தில் இரண்டு பிரமிடுகளை நெருக்கி வைத்த கதையைச் சொன்னதும், "அது செய்தி மாதிரி, என்னுது கதை" என்று அவளே பிரித்துச் சொன்னாள்.

இரவு பத்தரைக்குக் கணினியை மூட ஒப்புக்கொண்டிருக்கிறாள். நீங்கள் பத்தே காலுக்கே போய் நிற்காதீர்கள், அவளாக மூடட்டும். ஞாயிறு அன்று மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, லேயர்களை அணைத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

ஒருவேளை இரண்டு வருடம் கழித்து அவள் உயிரியலோ வணிகவியலோ எடுத்து, இது பொழுதுபோக்காகவே நின்றுவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த முறை வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்தப் படகுப் படத்தையும் கொண்டு வாருங்கள். லேயர்கள் ஒட்டிப்போன ஜேபெக் கோப்பு வேண்டாம், லேயர்கள் உள்ள மூலக் கோப்பு. தண்ணீரில் விளக்கின் பிம்பம் இன்னும் சரியாக உட்காரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன செய்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.