சிறிய கல்லூரியில் விலங்கியல் சேரலாமா?

கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளியில், தமிழ் வழியில், கணிதம் இல்லாத அறிவியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். நீட் தேர்வில் மருத்துவ இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. பேருந்தில் தினமும் போய்வரும் தூரத்தில் உள்ள சிறிய கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் இடம் உறுதியாகியிருக்கிறது. வெளியூரில் விடுதியில் தங்கி, அதிகக் கட்டணம் கட்டி, தனியார் கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பவியல் படிக்கவும் வாய்ப்பிருக்கிறது. ஆனால் அதற்குக் கடன் வாங்க வேண்டும். "ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. சிறிய கல்லூரியில் விலங்கியல் படித்தால் அந்த வழி அடைபட்டுவிடுமா?" என்பது அவருடைய கேள்வி.

அடைபடாது. இந்திய அளவில் நடக்கும் முதுநிலை, ஆராய்ச்சி நுழைவுத் தேர்வுகள் எதிலும் நீங்கள் இளநிலை படித்த கல்லூரியின் பெயருக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் பெரிய கல்லூரியில் சூழலே உங்களுக்குச் சொல்லிவிடும் பல செய்திகளைச் சிறிய கல்லூரியில் நீங்களே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். எந்தத் தேர்வுக்கு எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும், கோடை விடுமுறையில் எங்கே போய்ப் பயிற்சி பெறலாம் என்பதையெல்லாம் மூத்த மாணவர்கள் சொல்லக் கேட்கும் வாய்ப்பு அங்கே குறைவு. இந்த இழப்பு ஈடுசெய்யக்கூடியது. மாறாக, முப்பது நாற்பது பேர் மட்டுமே உள்ள வகுப்பில் பேராசிரியருக்கு உங்கள் பெயரும் கையெழுத்தும் தெரிந்திருக்கும். ஆய்வகத்தில் முறை வரும்வரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. உயிரியலை ஆராய்ச்சி நோக்கில் கற்க நினைப்பவருக்கு இவை பெரிய வசதிகள்.

சேர்வதற்கு முன் ஒரு வேலைநாளில் அந்தத் துறைக்கு நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் எத்தனை நுண்ணோக்கிகள் வேலை செய்கின்றன, ஒன்றை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்றாமாண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். எல்லா நோட்டுகளிலும் ஒரே படம், ஒரே எண்கள், ஒரே முடிவு இருந்தால் செய்முறை வகுப்பு அங்கே படம் வரையும் வகுப்பாக நடக்கிறது என்று பொருள். ஒவ்வொரு நோட்டிலும் எண்கள் சற்று மாறியிருந்தால் மாணவர்கள் தாமே செய்திருக்கிறார்கள். துறையில் நிலையான ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர் என்பதையும் விசாரியுங்கள். கௌரவ விரிவுரையாளர்களில் மிகச் சிறந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். குறைந்த ஊதியத்தில் அவர்கள் ஆற்றும் பணி மதிப்புக்குரியது. ஆயினும், மூன்று ஆண்டுகளும் உங்களைத் தொடர்ந்து கவனித்துப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தர ஒருவராவது அங்கே நிலையாக இருக்க வேண்டும். மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை 2008-இல் தொடங்கிய ஸ்டார் கல்லூரித் திட்டத்தில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். இளநிலை மாணவர்களின் செய்முறைக் கல்விக்கென்றே நிதி தரும் திட்டம் அது.

சிறிய ஊர்க் கல்லூரி என்பதால் உயர்ந்த பணி நடக்காது என்று எண்ணுவது தவறு. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுநிலைப் படிப்பாகவே நடைபெறுகிறது. உங்களுக்குப் பக்கத்தில், திருச்சி தூய வளனார் கல்லூரியில், அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967-இல் நிறுவிய ராப்பினாட் உலர்தாவரக் கூடம் இருக்கிறது; தமிழகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிப் பேசும் எவரும் இன்றும் நாட வேண்டிய தொகுப்பு அங்கிருந்துதான் உருவானது. தூய வளனார் சிறிய கல்லூரி அல்ல. ஆயினும் ஒரு பல்கலைக்கழகமோ தேசிய ஆய்வகமோ செய்யக்கூடிய பணியை ஒரு கல்லூரித் துறை செய்து முடித்தது என்பதற்காகச் சொல்கிறேன். பேருந்தில் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்து, பட்டத்தின் பெயர். உயிர்த்தொழில்நுட்பவியல் என்ற பெயருக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. குடிமைப் பணித் தேர்வாணையம் நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வின் கல்வித் தகுதியைப் பாருங்கள்: விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றைப் பாடமாகக் கொண்ட பட்டம் வேண்டும், இல்லையென்றால் வேளாண்மை, வனவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். அந்தப் பட்டியலில் உயிர்த்தொழில்நுட்பவியலோ நுண்ணுயிரியலோ இல்லை. பள்ளி ஆசிரியர் பணிக்கும் விலங்கியல், தாவரவியல் பட்டங்களுக்கு இணைத்தன்மைச் சிக்கல், அதாவது கேட்கப்பட்ட பட்டத்துக்கு இது சமமா என்ற கேள்வி, எழுவதில்லை; புதிய பெயர்களில் உள்ள பட்டங்களுக்கு அரசாணையைத் தேடி அலைய நேரிடும். அதே வேளையில், விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டு உயிர்த்தொழில்நுட்பவியல் முதுநிலைக்குப் போக முடியும். எனவே இளநிலையில் விரிந்த பாடத்தையும் முதுநிலையில் குறுகிய பாடத்தையும் எடுப்பதே உங்கள் நிலையில் உள்ளவருக்குப் பொருத்தம்.

நீட் தேர்வை மீண்டும் எழுதும் எண்ணம் இருந்தால் அதை வீட்டாரோடு பேசி இப்போதே முடிவு செய்யுங்கள். கல்லூரியில் பெயரைப் பதிந்துவிட்டு, மனத்தைப் பயிற்சி மையத்தில் வைத்திருப்பவர்கள் முதலாமாண்டில் அரியர் வைத்து, அடிப்படைப் பாடங்களை இழந்துவிடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம்.

இனிச் செய்முறை வகுப்பு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விலங்குகளை அறுத்துப் பார்ப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் இளநிலை, முதுநிலை இரண்டிலும் நிறுத்தச் சொல்லிவிட்டது. அது சரியான முடிவு. ஆனால் பல இடங்களில் அந்த நேரம் விளக்கப்படங்களைப் பார்த்து வரைவதில் கழிகிறது. சிறிய ஆய்வகத்தில், விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், உண்மையான சோதனைகள் பலவற்றைச் செய்யலாம். கேட்டால் ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு அனுமதிப்பார்கள்.

உங்கள் ஊருக்கே பொருந்தும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். சின்ன வெங்காயத்தின் அடிப்பகுதியில் காய்ந்துபோன பழைய வேர்களைச் சுரண்டிவிட்டு, அடி மட்டும் தண்ணீரைத் தொடும்படி சிறிய குப்பியின் வாயில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும். காலையில் நுனியை வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் பதப்படுத்தி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூட்டில் சில நிமிடம் வைத்து, அசிட்டோகார்மைன் சாயமேற்றி, கவர்சிலிப்பின் மேல் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். செல் பிரிதல் நடப்பது வேரின் கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில்தான். பலருக்கு நுண்ணோக்கியில் வெறும் செவ்வகச் செல்கள் மட்டுமே தெரிவதற்குக் காரணம், அவர்கள் அந்த நுனியை விட்டுவிட்டு மேலே உள்ள பகுதியை நசுக்குவதுதான். அழுத்தும்போது கவர்சிலிப் பக்கவாட்டில் நழுவினாலும் செல்கள் உருண்டு வீணாகிவிடும். சரியாக அமைந்தால் வெங்காயத்தின் 16 குரோமோசோம்களும் சிவந்த இழைகளாகப் பிரிந்து விலகும் நிலைகளை நீங்களே காணலாம்.

பாடத்திட்டம் இத்தோடு நின்றுவிடும். நீங்கள் அடுத்த அடியை எடுத்து வையுங்கள். கரூர் சாயத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அமராவதியின் நீரைப் பற்றியும் கிணற்று நீரைப் பற்றியும் அங்கே உள்ளவர்களுக்குக் கவலை இருக்கிறது. ஒரு தொகுதி வெங்காயத்தைக் குழாய்நீரிலும், மற்றவற்றை ஆற்றுநீரின் வெவ்வேறு அடர்த்திகளிலும், அதாவது கால் பங்கு, அரைப் பங்கு, முழுப் பங்கு என வைத்து வேர்விடச் செய்து, நூறு செல்களில் எத்தனை பிரிதலில் இருக்கின்றன, குரோமோசோம்கள் எங்கே உடைந்தோ பின்தங்கியோ இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நீரின் நச்சுத்தன்மையை அறிய உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முறை இது. ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து வெங்காயமாவது இருக்கட்டும்; ஒவ்வொன்றிலும் ஐந்நூறு செல்களுக்குக் குறையாமல் எண்ணுங்கள்; எந்த ஸ்லைடு எந்த நீரிலிருந்து வந்தது என்பது எண்ணுபவருக்குத் தெரியாதபடி தோழி ஒருவர் குறியிட்டுத் தரட்டும். எதிர்பார்த்த முடிவு வராவிட்டாலும் வந்ததையே நோட்டில் எழுதுங்கள். ஆலைக்கழிவை நேராகக் கையாள வேண்டாம். கையுறையும் ஆசிரியரின் மேற்பார்வையும் தேவை. மூன்றாமாண்டு புராஜெக்டுக்கு இது தாராளமாகப் போதும். முதுநிலை நேர்காணலில் "நீங்கள் செய்த சோதனை ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது, பணம் கட்டி வாங்கிய ஒருவார வொர்க்‌ஷாப் சான்றிதழ்களைவிட இதைப் பற்றி நீங்கள் பேசும் பத்து நிமிடம் அதிகம் உதவும்.

துணைப்பாடமான வேதியியலைத் தேர்ச்சிக்காக மட்டும் படிக்காதீர்கள். சிறிய கல்லூரிகளிலிருந்து வரும் நல்ல மாணவர்கள் தடுக்கி விழும் இடம் விலங்கியல் அன்று, வேதியியலும் கணக்கும்தான். முதுநிலை அறிவியல் சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் ஜாம் தேர்வின் உயிர்த்தொழில்நுட்பத் தாளில் உயிரியலோடு வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றிலிருந்தும் கேள்விகள் வருகின்றன. நீங்கள் பள்ளியில் கணிதம் எடுக்கவில்லை என்பதால் முதல் இரண்டு ஆண்டு விடுமுறைகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூல்களை எடுத்து மடக்கை, நிகழ்தகவு, அடிப்படை வகையீடு, தொகையீடு ஆகியவற்றை மட்டுமாவது போட்டுப் பழகுங்கள். சில நிறுவனங்களின் சில முதுநிலைப் படிப்புகள் பள்ளியில் கணிதம் படித்திருப்பதையே தகுதியாகக் கேட்கும். சேர்க்கை அறிவிப்பில் அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளியியலுக்கு ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ் தேவைப்பட்டால் மட்டும் தேர்வுக்கட்டணம் செலுத்தலாம்.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். கருத்தை முதலில் தமிழில் தெளிவாகப் புரிந்துகொண்டு, அன்றைய பாடத்தை ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியங்களாக நாள்தோறும் எழுதிவந்தால் இரண்டாமாண்டு முடிவதற்குள் பாடநூலை நேரடியாகப் படிக்க வந்துவிடும்.

இரண்டாமாண்டின் முதல் பருவத்திலேயே, இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி நல்கைத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். தேர்வானால் நாட்டின் நல்ல ஆய்வகம் ஒன்றில் இரண்டு மாதம் வேலை செய்யலாம். உதவித்தொகையும் பயணச்செலவும் தருகிறார்கள். விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் இறுதி மாதங்களில் வருவதால், கோடை வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை. விண்ணப்பத்தோடு நீங்கள் எதைச் செய்ய விரும்புகிறீர்கள் என்ற சிறு குறிப்பும் ஆசிரியரின் பரிந்துரையும் கேட்பார்கள். "உயிரியலில் ஆர்வம் உண்டு" என்று எழுதுபவர்களுக்கு நடுவே, வெங்காய வேரில் ஆற்றுநீரைச் சோதித்ததை எண்களோடு எழுதும் மாணவி தனியே தெரிவார். அது கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி மையம், மண்டபத்தில் உள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி மையம், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் போன்றவற்றில் உள்ள ஆய்வாளர்களுக்கு, அவர்களுடைய பணியைப் படித்துவிட்டு, துறைத்தலைவரின் கடிதத்தோடு எழுதிக் கேட்கலாம். பத்துப் பேருக்கு ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பினால் பதில் வராது.

மூன்றாமாண்டில் நாள்காட்டியைச் சுவரில் மாட்டிக் குறித்துவையுங்கள். ஜாம் தேர்வுக்குச் செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தில் இளநிலை முடித்தவுடனேயே, முதுநிலையையும் உள்ளடக்கிய ஒருங்கிணைந்த முனைவர் பட்டத்தில் சேரும் வாய்ப்புண்டு. அதற்கான டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத் தேர்வு டிசம்பரில் நடைபெறுகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு முதுநிலை கியூட் தேர்வும், உயிர்த்தொழில்நுட்பவியல் முதுநிலைக்கு காட்-பி தேர்வும் அடுத்தடுத்து வரும். எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. இரண்டைத் தேர்ந்தெடுத்து அவற்றின் பழைய வினாத்தாள்களை இரண்டாமாண்டு விடுமுறையிலிருந்தே போட்டுப் பழகினால் போதும்.

வீட்டாரிடம் காலக்கணக்கை மறைக்காமல் சொல்லுங்கள். இளநிலைக்கு மூன்று ஆண்டு, முதுநிலைக்கு இரண்டு, முனைவர் பட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்து. ஆனால் பத்து ஆண்டும் அவர்கள் செலவு செய்ய வேண்டும் என்பதில்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். முதுநிலைக்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் நல்கை பெற்றால், 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாயும் அதனோடு வீட்டு வாடகைப் படியும். இடையில் நிறுத்த நேர்ந்தாலும் பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதலாம், வனப் பணித் தேர்வும் எழுதலாம். இந்தக் காரணத்தாலும், கடன் இல்லாமல் படிக்க முடிகிற அந்தச் சிறிய கல்லூரி இடத்தையே, ஆய்வகத்தை நேரில் பார்த்த பிறகு, எடுத்துக்கொள்ளுங்கள்.