பி53-உம் மாமாவும்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். ‘ஹை கிரேட் சீரஸ்’ வகை என்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து அடுத்த வாரம் கீமோ. பயாப்சி ரிப்போர்ட்டில் ‘பி53 மியூட்டன்ட்’ என்று இருக்கிறது. புற்றுநோயைத் தடுக்கிற புரதமே கெட்டுவிட்டால் கீமோ கேட்காது, பணத்தை வீணாக்காதே என்று சொல்லி, மாமா ஒரு கஷாயத்தைச் சிபாரிசு செய்கிறார். அவர் சொல்வது உண்மையா? எனக்கும் இது வருமா? அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. அவரிடம் ‘கட்டி’ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம்.

சுமதி, பெரம்பூர்

அன்புள்ள சுமதி,

மாமா பாதி படித்திருக்கிறார். நானும் டாக்டர் இல்லை. ஆனால் கொஞ்ச நாளாகவே இந்தப் புரதத்தின் கதையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பி53-ஐ 1979இல் கண்டுபிடித்தார்கள். பத்து வருடம் அது புற்றுநோயை வளர்க்கும் புரதம் என்றே நம்பினார்கள். ஆய்வுக்கூடங்களில் புழங்கிய பி53 மரபணுப் பிரதிகள் ஏற்கெனவே மாறிப்போனவை (‘மியூட்டன்ட்’ என்பது இதுதான்) என்பதும், நல்ல பி53 கட்டியை அடக்குவது என்பதும் 1989 வாக்கில்தான் தெளிவாயின. அந்தப் பத்து வருட நம்பிக்கையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. மாறிப்போன பி53 பல சமயம் அப்படித்தான் நடந்துகொள்கிறது.

நல்ல பி53 செல்லில் கொஞ்சம்தான் இருக்கும். எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதை உடனுக்குடன் அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். டிஎன்ஏ அடிபட்டால் இந்த அழிப்பு நிற்கிறது, பி53 சேர்கிறது, செல் பிரிவதைத் தடுக்கிறது. பழுதை நீக்க முடியாவிட்டால் செல்லையே சாகவைக்கிறது. இதற்கு நான்கு பி53 ஒன்றாகச் சேர்ந்து டிஎன்ஏவைப் பிடிக்க வேண்டும். மயிலாப்பூர் அறுபத்துமூவர் உற்சவத்தில் சாமி தூக்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வராவிட்டால் சமாளித்துவிடலாம். வந்து தோளும் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் இழுப்பவரை என்ன செய்வது? மாறிய பி53 பெரும்பாலும் இந்த ரகம். கூடச் சேரும் நல்ல பி53-ஐ முடக்கும், அதன் உறவான பி63, பி73-ஐயும் பிடித்துவைத்துக்கொள்ளும். அழியாமல் செல்லுக்குள் குவிவதால்தான், பயாப்சித் துண்டில் பி53-ஐக் காட்டுவதற்காக ஏற்றும் சாயம் ஸ்லைடில் அடர் பழுப்பாகத் தெரிகிறது. (சில மாற்றங்களில் புரதமே உருவாகாது. அப்போது ஸ்லைடு வெறிச்சென்று இருக்கும். அதுவும் கோளாறுதான்.)

சரி, கீமோ. பல கீமோ மருந்துகள் டிஎன்ஏவை அடித்துத்தான் செல்லைக் கொல்கின்றன. அடிபட்ட செல்லைச் சாகச் சொல்ல பி53 இல்லையென்றால் அது தப்பிக்கலாம். சில ரத்தப் புற்றுநோய்களில் இதற்காகவே டாக்டர்கள் வேறு மருந்துக்குப் போகிறார்கள். இதுவரை மாமா சொல்வது சரி. ஆனால் உங்கள் அம்மாவுக்கு வந்திருக்கும் வகையில் 100 பேரில் 95 பேருக்கு மேல் பி53 மாறித்தான் இருக்கிறது. இன்ன வகை என்று உறுதிசெய்யவே அதைப் பார்க்கிறார்கள். அப்படியிருந்தும் பெரும்பாலோருக்கு முதலில் தரும், பிளாட்டினம் கலந்த கீமோ மருந்துகள் நன்றாகவே கேட்கின்றன. பிறகு நோய் திரும்புவதும், மருந்து கேட்காமல் போவதும் நிறையவே உண்டு. அதை நான் மறைக்கவில்லை.

மறைப்பது நீங்கள். உங்கள் கடைசி வரியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. வாழ்நாளெல்லாம் விடைத்தாள் திருத்தியவருக்கு, கட்டிக்கு எதற்குக் கீமோ என்று கேட்கத் தெரியாதா?

சைதாப்பேட்டையில் என் பெரியம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தபோது வீடே கூடி ‘அல்சர்’ என்று முடிவுசெய்தது. ரிப்போர்ட் கவர் பெரியப்பாவின் ஆபீஸ் பையிலேயே இருக்கும். ஒருநாள் சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றி உருவிக்கொண்டே, “அல்சருக்கு முடி கொட்டுமா?” என்று கேட்டாள். “மருந்துச் சூடு” என்றார் பெரியப்பா. அதற்கப்புறம் அவள் எதையும் கேட்கவில்லை, எதையும் சொல்லவும் இல்லை. வாயெல்லாம் புண், கால் மரத்துப்போனது, எல்லாம் தற்செயலாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஜுரம் வந்ததைக்கூட இரண்டு நாள் மூடிவைத்திருந்தாள். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது ஜுரம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அல்சர்காரிக்கு அதை யார் சொல்லிவைப்பார்கள்?

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954இலேயே அடையாறில் அதற்கென்று மருத்துவமனை தொடங்கிய ஊர் இது. நாம் இன்னும் கூடத்தில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கிறோம். ‘அம்மா தாங்கமாட்டார்’ என்பீர்கள். தாங்காதவர்கள் யார் என்று யோசியுங்கள், சுமதி.

கஷாயம்: டாக்டர் சரி என்று சொல்லாத எதையும் கீமோ முடியும்வரை கொடுக்காதீர்கள். உங்களுக்கு வருமா என்ற கேள்வி: கட்டியில் தெரியும் பி53 மாற்றம் பெரும்பாலும் அந்தக் கட்டிக்குள்ளேயே உண்டானது, பரம்பரையாக வருவது அபூர்வம். ஆனால் இந்த வகைப் புற்றுநோய்க்கு, பரம்பரையாக வரக்கூடிய பிஆர்சிஏ என்ற மரபணுவின் மாற்றத்தைத் தேடும் பரிசோதனை முக்கியம், டாக்டரிடம் கேளுங்கள். அம்மாவுக்கு அடுத்து என்ன மருந்து என்பதற்கும் அது உதவும், உங்களுக்கும் உதவும். அதற்கு ரத்தம் எடுக்க வரும்போது அம்மா எதற்கு என்று கேட்பார். அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.