நாலு செமஸ்டர் கிரெடிட் எங்கே போகும்?

கேள்வி: ஐயா, எனக்கு வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். 2022-ல் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தேன். நாலு செமஸ்டர் எழுதி, ஒரு அரியர் தவிர எல்லாம் பாஸ். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் 2024-ல் நின்றுவிட்டேன். இப்போது கல்யாணமாகிக் கைக்குழந்தை, தினமும் பஸ் ஏற வழியில்லை. மிச்சமிருக்கிற மூன்றாம் வருஷத்தை மட்டும் ஆன்லைனில் முடிக்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மூன்றாம் வருஷத்தை மட்டும் படித்துப் பட்டம் வாங்குவது நடக்காதம்மா, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரெடிட் என்பது ஒவ்வொரு தாளும் பாஸானால் கிடைக்கும் புள்ளி. 2021-ல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, கொண்டுவந்த கிரெடிட் வங்கி விதிப்படி, பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டாவது நீங்கள் படித்து எடுத்திருக்க வேண்டும். புதுப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்று வையுங்கள், 60 அங்கே எடுத்தாக வேண்டும். நம் பக்கத்தில் பி.ஏ.வுக்கு 140 கிரெடிட், அதில் நாலு செமஸ்டரில் நீங்கள் எண்பது தொண்ணூறு சேர்த்திருப்பீர்கள், ஆனால் அத்தனையும் கொண்டுபோய்க் கொட்டினாலும் 60-க்கு மேல் அவர்கள் கணக்கில் ஏறாது. அரியர் தாளுக்கு கிரெடிட்டே கிடையாது.

அந்த 60-ம் தானாக வந்துவிடாது. டிஜிலாக்கரில் போய் 12 இலக்க ஏபிசி ஐடி (கிரெடிட் வங்கியில் உங்கள் கணக்கு எண்) எடுங்கள், ஆதார் கையில் இருந்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் கிரெடிட்டை அதில் ஏற்றுவது நீங்கள் இல்லை, நீங்கள் படித்த இடம்தான் ஏற்ற வேண்டும். உள்ளே பார்த்தால் வெறுமையாக இருக்கும், பதறாதீர்கள், மார்க் ஷீட் நகலோடு தேர்வுப் பிரிவுக்கு ஒரு மனு கொடுங்கள். ஒரு தடவை கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் குறுவை போய் சம்பா வந்துவிடும், நடையாய் நடக்க வேண்டியிருக்கும். ஏறிய கிரெடிட்டுக்கு அதிகபட்சம் ஏழு வருஷம்தான் ஆயுள், அதனால் குழந்தை பள்ளிக்கூடம் போகட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது சிலபஸ். ஏற்பதா வேண்டாமா என்பது புதுப் பல்கலைக்கழகத்தின் முடிவு, அவர்கள் தாளுக்குத் தாள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இலக்கிய வரலாறு, ஷேக்ஸ்பியர், சுற்றுச்சூழல் கல்வி இதெல்லாம் பெரும்பாலும் பொருந்திவிடும். பகுதி ஒன்றில் படித்த தமிழுக்கு வெளி மாநிலப் பல்கலைக்கழகத்தில் உட்கார இடமில்லாமல் போகலாம், நம் ஊர்ப் பிள்ளைகள் கிரெடிட்டை அதிகம் இழப்பது அங்கேதான். கல்லூரியில் கேட்கும்போது 2022-ல் சேர்ந்த உங்கள் பேட்ச் சிலபஸ் வேண்டும் என்று சொல்லி முத்திரையோடு வாங்குங்கள், இப்போது நடக்கிற சிலபஸைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என்னிடம் படித்த ஒரு பெண் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் கிரெடிட்டைப் பற்றிக் கேட்டாள். கட்டியதும் திரும்பவில்லை, கிரெடிட்டும் ஏறவில்லை, முதல் வருஷத்திலிருந்து படித்தாள். எந்தெந்தத் தாளை ஏற்கிறோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்த பிறகு பணம் கட்டுங்கள், போனில் ‘பார்த்துக்கலாம் மேடம்’ என்பதை நம்பாதீர்கள்.

என்னைக் கேட்டால் ஆன்லைனுக்கு முன்னால் பழைய இடத்தையே ஒருமுறை தட்டிப் பாருங்கள். ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’, அதாவது படிப்பு இடையில் நின்றது என்று காட்டி மறுபடி சேர்த்துக்கொள்ள விதி உண்டு, அதற்கும் இத்தனை வருஷத்துக்குள் என்று கணக்கு உண்டு. சேர்த்துக்கொண்டால் கிரெடிட் எதுவும் வீணாகாது, அரியரை வகுப்புக்குப் போகாமலே எழுதிவிடலாம், இரண்டு செமஸ்டர்தான் பாக்கி. உங்கள் கல்லூரி திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்றால், அங்குள்ள தொலைநிலைக் கல்வி மையத்திலும் இடையில் சேர்ப்பார்களா என்று விசாரியுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாவோ மாமியாரோ இருந்தால் அந்த ஒரு வருஷத்தைச் சமாளித்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ஸ்வயம் தளத்தில் படிக்கும் ஆங்கிலப் பாடங்களை பட்டத்தில் சேர்ப்பார்களா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: சேர்க்கலாம், ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் எடுக்க யுஜிசி அனுமதி தருகிறது. ஸ்வயத்தில் ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடம் என்றால் நாலு வாரத்துக்கு ஒரு கிரெடிட், எட்டு வாரத்துக்கு இரண்டு, பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று என்று கணக்கு. வீடியோ பார்த்தால் மட்டும் போதாது, தேர்வு மையத்துக்குப் போய் எழுதிப் பாஸாக வேண்டும். நீங்கள் எடுக்கப்போகும் பாடத்தை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவுதான்.

கேள்வி: மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் ‘பழைய கிரெடிட்டை மாற்றி ஒரே வருஷத்தில் ஆன்லைன் பி.ஏ.’ என்று போஸ்டர். முன்பணம் கட்டிவிட்டேன். சரிதானா?

பதில்: அதுதான் மேலே சொன்னேனே, பாதி கிரெடிட் அங்கேயே படிக்க வேண்டும் என்று. ஆன்லைன் பட்டத்தை ஏஜென்ட் வைத்து விற்கவும் விதியில் இடமில்லை. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இந்த வருஷத்துக்கு அனுமதி பெற்றிருக்கின்றனவா என்று பாருங்கள். சேரும்போது அங்கே டிஇபி ஐடி (அந்தப் பிரிவு தரும் பதிவு எண்) ஒன்று நீங்களே எடுக்க வேண்டும், அதற்கு ஏபிசி ஐடி தேவை. இந்த இரண்டையும் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கிறவர் எதைச் சேர்க்கிறார் என்று யோசியுங்கள். ரசீது வைத்திருக்கிறீர்களா? இருந்தால் நாளைக்கே போய் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கூட ஒரு ஆளையும் அழைத்துப் போங்கள்.