செபென்ஸாவா, எக்ஸ்எம்-18ஆ? முதல் உயர்தர மடக்குக் கத்தி பற்றி ஒரு வாசகருக்கு

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "என்னிடம் இரண்டு விக்டோரினாக்ஸ் கத்திகளும் ஓர் ஒபினெல் 8ஆம் எண் கத்தியும் இருக்கின்றன. சேகரிப்பை முறையாகத் தொடங்க நல்ல மடக்குக் கத்தி ஒன்று வாங்க விரும்புகிறேன். கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் பெரிய செபென்ஸா 31, ரிக் ஹிண்டரரின் மூன்றரை அங்குல எக்ஸ்எம்-18 ஆகிய இரண்டும் ஏறத்தாழ ஒரே விலையில் கிடைக்கின்றன. தினமும் பார்சல் பிரிப்பேன், அலுவலகத்தில் பழம் நறுக்குவேன், எப்போதாவது முகாமுக்குப் போவேன். எதை வாங்கலாம்? பின்னாளில் விற்க நேர்ந்தால் எதற்கு விலை நிற்கும்? வாங்கியதைப் பயன்படுத்தலாமா, பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டுமா?"

செபென்ஸாவை வாங்குங்கள் என்பது என் பதில். எக்ஸ்எம்-18 குறைந்த கத்தி என்பதால் இப்படிச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் வேலைகளுக்கும், முதன்முதலாகச் சேகரிக்க வருபவர் கற்றுக்கொள்ள வேண்டியவற்றுக்கும் செபென்ஸாவே பொருத்தமாக இருக்கிறது.

முதலில் இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன். 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர், பிடியின் உட்புறத் தகடு ஒன்றை வில்போல வளைத்து, அலகு விரிந்ததும் அதன் அடிப்பாகத்துக்குப் பின்னால் வந்து முட்டுக்கொடுக்கும் பூட்டை உருவாக்கினார். அதைத்தான் லைனர் லாக் என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் கத்தி செய்துகொண்டிருந்த கிறிஸ் ரீவ், 1987இல் அந்த மெல்லிய உள்தகட்டையே விலக்கிவிட்டு, தடித்த டைட்டேனியம் பிடியின் ஒரு பக்கத்தைக் கீறி அந்தப் பக்கத்தையே பூட்டாக்கினார். நீங்கள் கத்தியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பூட்டும் இறுகும் என்பது அதன் சூட்சுமம். 1989இல் அவர் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகருக்குக் குடிபெயர்ந்தார்; செபென்ஸா இன்றும் அங்கேதான் தயாராகிறது. ஜூலு மொழியில் அந்தப் பெயருக்கு 'வேலை' என்று பொருள். ஃப்ரேம் லாக் என்று இன்று எல்லோரும் சொல்லும் பூட்டுக்கு மூலம் இந்தக் கத்திதான். ஒஹையோவில் தீயணைப்பு வீரராக இருந்த ரிக் ஹிண்டரரின் எக்ஸ்எம்-18 கத்தியிலும் அதே பூட்டுதான் இருக்கிறது. பூட்டுத்தண்டு, அதாவது பிடியில் கீறிப் பூட்டாக்கிய அந்தப் பகுதி, வெளிப்பக்கமாக அளவுக்கு மீறி வளைந்துவிடாமல் தடுக்கும் சிறிய வட்ட வில்லையை அவர் அதில் சேர்த்தார். சேகரிப்பவர் மூலத்தை முதலில் கையில் வைத்திருந்தால், அடுத்து வாங்கும் ஒவ்வொரு ஃப்ரேம் லாக் கத்தியையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைக்கும்.

அடுத்தது கீல். தொழிற்சாலைக் கருவிகள் செய்யும் டூல் ரூமில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். சாதாரண மடக்குக் கத்தியில் கீல் திருகை இறுக்கினால் அலகு அசையச் சிரமப்படும். தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடும். இரண்டுக்கும் நடுவே கால் சுற்றுக்கும் குறைவான ஓரிடத்தைத் தேடிப் பிடித்து, திருகு நழுவாமலிருக்க லாக்டைட் என்ற திருகுப் பசை ஒரு துளி விட வேண்டும். செபென்ஸாவில் அந்தத் தேடலே கிடையாது. கீல் திருகைச் சுற்றி ஒரு புஷ், அதாவது சிறிய உலோகக் குழல், இருக்கிறது. அதன் உயரம், அலகின் தடிமனும் இருபுறமுள்ள பாஸ்பர் வெண்கல வாஷர்களின் தடிமனும் சேர்ந்த அளவைவிட மயிரிழை அளவே கூடுதலாக இருக்கும்படி கிரைண்டிங் செய்யப்பட்டிருக்கிறது. திருகை முழுவதுமாக இறுக்கும்போது பிடியின் இரு பக்கங்களும் அந்தப் புஷ்ஷின் மேல்தான் அழுந்தி நிற்கும்; அலகுக்கு உரிய இடைவெளி அப்படியே இருக்கும். பிரித்துத் துடைத்து, மறுபடி பூட்டி, கையோடு வரும் ஆலன் சாவியால் இறுக்கிவிட்டால், முன்பு எப்படி ஓடியதோ அப்படியே ஓடும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டை ஆயிரக்கணக்கான கத்திகளில் ஒன்றுபோல் செய்துகாட்டுவதற்குத்தான் நீங்கள் விலையின் பெரும்பகுதியைக் கொடுக்கிறீர்கள். பளபளப்புக்காக அல்ல.

எக்ஸ்எம்-18 வேறு வழியில் போகிறது. அதன் கீலில் டெஃப்லான் வாஷர், பாஸ்பர் வெண்கல வாஷர், பேரிங் என மூன்றில் எதை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம். பிடியின் மேல்தகட்டையும் கழற்றி, வேறு நிறத்திலோ வேறு பொருளிலோ வாங்கிப் பொருத்தலாம்; அதற்கென்றே தனிச் சந்தை இருக்கிறது. கத்தியை நாளுக்கொரு கோலத்தில் பார்க்கப் பிடிக்கும் என்றால் அதில் உங்களுக்கு நிறைய மகிழ்ச்சி உண்டு. ஆனால் திருகின் இறுக்கத்தை நீங்களே பார்த்து வைக்க வேண்டும். ஒரு கத்தி சரியாக ஓடுவது கைக்கு எப்படி இருக்கும் என்றே இன்னும் தெரியாத நிலையில், ஓட்டம் பிசகும்போது குறை கத்தியிலா, நீங்கள் வைத்த திருகிலா என்று கண்டுபிடிப்பது கடினம்.

இனி நறுக்குவதைப் பார்ப்போம். உங்களிடமுள்ள ஒபினெல் கத்தியின் முதுகு இரண்டு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. செபென்ஸாவின் முதுகு மூன்றரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும்; எக்ஸ்எம்-18 கத்தியினுடையது நான்கை ஒட்டி வரும். ஓர் ஆப்பிளை எடுத்து மூன்றாலும் நறுக்கிப் பாருங்கள். ஒபினெல் சத்தமின்றி இறங்கும். செபென்ஸாவின் அலகு இருபுறமும் உட்குழிவாகச் சாணை பிடிக்கப்பட்டிருப்பதால் முதல் பாதி வரை மெல்லிய கத்தியைப் போலவே போய், முதுகுப் பகுதி உள்ளே நுழையும் இடத்தில் மட்டும் சற்றுத் தயங்கும். தடித்த அலகோ பாதியில் ஆப்பு அடித்தாற்போலப் பழத்தைப் பிளந்துவிடும். வெட்டிய முகம் வழவழப்பாக இல்லாமல் உடைந்த முகமாக இருக்கும். எக்ஸ்எம்-18 கையுறை அணிந்த கைக்கும், கயிறு, ரப்பர்க் குழாய், பலகை ஆகியவற்றோடு மல்லுக்கட்டும் வேலைக்கும் யோசித்துச் செய்யப்பட்டது. அதன் அலகு வடிவங்களில் 'ஸ்லைசர்' என்றொரு வகை உண்டு. அது கொஞ்சம் பரவாயில்லை. பழம்தான் முக்கியம் என்றால், ஐந்நூறு டாலர் கொடுத்த பிறகும் ஒபினெல்லே உங்கள் மேசையில் இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எடையையும் கணக்கில் கொள்ளுங்கள். பெரிய செபென்ஸா 31 சுமார் 133 கிராம். மூன்றரை அங்குல எக்ஸ்எம்-18, வடிவத்தைப் பொறுத்துச் சற்று மாறினாலும், 160 கிராமை ஒட்டி நிற்கும். அலுவலகத்துக்குப் போடும் மெல்லிய கால்சட்டையின் பையில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: சிறிய செபென்ஸா 31 மூன்று அங்குல அலகோடு 85 கிராம்தான் இருக்கும். உங்கள் உள்ளங்கை அகலமானதாக இல்லையென்றால் அதையும் பிடித்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். பார்சலுக்கும் பழத்துக்கும் அது தாராளமாகப் போதும்.

உருக்கைப் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டைகளை நீங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை. 2001இல் வந்த எஸ்30வி உருக்கு, ரீவின் ஆலோசனையும் சேர்ந்து உருவானது. அன்றிலிருந்து கத்திக்கென்றே உருக்கு வடிப்பது வழக்கமாகிவிட்டது. இன்றைய பெயர் மேக்னாகட். லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021இல் வெளிவந்த அந்த உருக்கு, துருவையும் தாங்கும், எளிதில் சில்லும் விடாது. செபென்ஸா இப்போது அதில் வருகிறது. எக்ஸ்எம்-18 பல ஆண்டுகள் 20சிவி, எஸ்45விஎன் உருக்குகளில் வந்து, அண்மைப் பதிப்புகளில் மேக்னாகட்டுக்கும் மாறியிருக்கிறது. இவற்றில் எதை வாங்கினாலும் பழைய சாணைக்கல்லை நம்பாமல் வைரப்பொடி பதித்த தகடு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த உருக்குகளிலுள்ள வனேடியம் கார்பைடு, சாதாரணக் கல்லின் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது. கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தாலும், கூர் வந்ததற்கு அடையாளமான விளிம்புப் பிசிறு எளிதில் எழாது.

திறக்கும் முறையில்தான் புதியவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். செபென்ஸா கையில் வந்த முதல் நாளே "இவ்வளவு விலை கொடுத்தும் அலகு ஒட்டிக்கொண்டாற்போல் இருக்கிறதே" என்று எழுதுபவர்கள் பலர். பெரும்பாலும் பிழை விரல்களில்தான் இருக்கும். வலக்கையில் கத்தியைப் பிடித்துக் கட்டைவிரலால் குமிழைத் தள்ளும்போது, மற்ற விரல்களின் நுனிகள் பின்பக்கத்துப் பூட்டுத்தண்டின் மேல் அழுந்துகின்றன. அந்தத் தண்டிலுள்ள சிறு பீங்கான் குண்டு அலகின் பக்கவாட்டை இன்னும் பலமாகப் பிடித்துக்கொள்கிறது. விரல்நுனிகளைப் பிடியின் அசையாத பகுதிக்கு நகர்த்திவிட்டு மறுபடி தள்ளுங்கள். அலகு எண்ணெயில் நீந்துவதுபோல மெதுவாக, ஒரே சீராகத் திறக்கும். எக்ஸ்எம்-18 கத்தியின் பல பதிப்புகளில் பின்புறம் நீட்டிய ஒரு கொம்பு இருக்கும்; அதை ஆள்காட்டி விரலால் இழுத்துச் சுண்டினால் 'டக்' என்று விரிந்து நிற்கும். அந்தச் சத்தத்துக்கு மயங்காதவர் குறைவு, நானும் விலக்கல்ல. ஆனால் பக்கத்து மேசைக்காரர் அதே சத்தத்தை எப்படி எடுத்துக்கொள்வார் என்று அலுவலகத்தில் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டியிருக்கும்.

விலை நிற்குமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. கத்தியை முதலீடாகக் கருதாதீர்கள். எக்ஸ்எம்-18 எளிதில் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. அப்போது மறுவிற்பனையில் பட்டியல் விலையைவிட மிகக் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார்கள். தயாரிப்பு பெருகிக் கடைகளில் தாராளமாக வந்ததும் அந்தக் கூடுதல் கரைந்துவிட்டது. செபென்ஸாவின் சாதாரண வடிவம் ஏறக்குறைய எப்போதும் கிடைத்துக்கொண்டே இருப்பதால், அதற்குத் திடீர் ஏற்றமும் இல்லை, பெரிய சரிவும் இல்லை. பெட்டியும், கத்தி பிறந்த தேதியைக் குறித்துத் தரும் அட்டையும் பத்திரமாக இருந்தால் வாங்குவதற்கு ஆள் கிடைப்பார். இரண்டிலும் போலிகள் ஏராளம் என்பதால், முதல் கத்தியை அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் புதிதாகவே வாங்குங்கள். பழையது வாங்கும் துணிவு வந்த பிறகு, 2008இல் வெளிவந்த செபென்ஸா 21 வகையைத் தேடலாம். அப்போது பூட்டுத்தண்டு அலகின் அடியில் எவ்வளவு தூரம் உள்ளே போய் நிற்கிறது என்பதற்கு நெருக்கத்தில் எடுத்த படத்தைக் கேளுங்கள். மறுபக்கம் வரை நகர்ந்துபோயிருந்தால் விட்டுவிடுங்கள்.

பயன்படுத்துங்கள் என்பதே மூன்றாவது கேள்விக்கு என் பதில். மணல் வீச்சால் மங்கலாக்கப்பட்ட டைட்டேனியம் பிடியில், சாவிக்கொத்து உரசியதும் நத்தை ஊர்ந்த தடம்போல ஒரு பளபளப்பான கோடு விழும். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அதற்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். முதல் கோடு வலிக்கும்; இருபதாவது கோட்டுக்குப் பிறகு எதுவுமே கண்ணில் படாது. கூழாங்கல் உருட்டில் போட்டெடுத்த மெருகுள்ள எக்ஸ்எம்-18 பிடிகளில் கீறல் அவ்வளவாகத் தெரியாது. அந்த வகையில் அது நிம்மதி தரும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். டெக்சாஸில் 2017 முதல், பெரியவர்களுக்கு ஐந்தரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுகளுக்கு மட்டுமே இடக் கட்டுப்பாடு இருப்பதால், இரண்டையும் நீங்கள் தாராளமாக வைத்திருக்கலாம். கூட்டரசுக் கட்டடங்களில் விதி வேறு. இரண்டரை அங்குலத்துக்குக் குறைந்த பைக்கத்திக்கு மட்டுமே அங்கே விலக்கு. உங்கள் அலுவலகத்தின் சொந்த விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் போகும்போது கத்தி சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும்; மறந்துபோய்ப் பாதுகாப்புச் சோதனையில் ஒரு கத்தியைக் கைவிட்டு வந்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கத்தி வந்ததும் ஆர்வத்தில் உடனே பிரித்துவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் சும்மா திறந்து மூடிப் பழகுங்கள். வாஷர்கள் படிந்து ஓட்டம் இன்னும் மென்மையாகும். அதன் பிறகு, வெள்ளைத் துண்டு ஒன்றை மேசையில் விரித்து, கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வையுங்கள். வெண்கல வாஷர் கிரீஸில் அலகோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் வரும். அதை நகத்தால் பெயர்க்காமல் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். அது மடங்கிவிட்டால் கத்தியைப் பாய்சிக்கே அனுப்ப வேண்டியதுதான்.