செங்கோரும் கெடுகுச் சிறையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நலம்தானே? ஆப்பிரிக்கத் தலைவர்கள் என்றால் நமக்கு மண்டேலாவைத் தெரியும், இடி அமீனைத் தெரியும், அதோடு சரி. சமீபத்தில் செனகல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் லெயோபோல்ட் செதார் செங்கோரைப் பற்றிப் படித்தேன். கவிஞர். பிரான்சிலேயே பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு மொழிப் பாடம் நடத்தியவர். 1974இல் சென்னைக்கு வந்து ஆப்பிரிக்க, திராவிடப் பண்பாடுகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது ஆண்டு ஆண்டுவிட்டு, யாரும் தள்ளிவிடாமலேயே நாற்காலியை விட்டு எழுந்து போயிருக்கிறார். நம்மூர் தலைவர்களுக்கு இது ஏன் வருவதில்லை? கவிஞன் ஆண்டால் நாடு இப்படித்தான் இருக்குமோ?

ம.க., திருச்சி

அன்புள்ள ம.க.,

நீங்கள் சொல்வதெல்லாம் நடந்ததுதான். 1980 டிசம்பர் 31 அன்று செங்கோர் விலகினார். மறுநாள் அவருடைய பிரதமர் அப்து தியூஃப் குடியரசுத் தலைவரானார். அன்றைய மேற்கு ஆப்பிரிக்காவில் இது அதிசயம். கானாவின் நிக்ருமாவை 1966இலும் மாலியின் மொதிபோ கெய்ட்டாவை 1968இலும் ராணுவம் கவிழ்த்தது. கினியாவின் செக்கூ தூரே 1984இல் செத்துத்தான் பதவியை விட்டார். ஐவரி கோஸ்ட்டின் ஹூஃபுவே புவாஞியும் 1993 வரை அப்படியே. இவர்கள் நடுவில் ஒருவர் தானாகக் கிளம்பினால் உலகம் கைதட்டத்தான் செய்யும்.

ஆனால் செங்கோரைப் பாராட்டுகிறவர்கள் எல்லோரும் 1980இலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அவரை 1962இல் வைத்துப் பார்க்காமல் முடிவதில்லை. காரணம் மமாது தியா என்ற மனிதர்.

செங்கோர் 1906இல் ஜொவால் என்ற கடலோர ஊரில், நிலக்கடலை வியாபாரம் செய்த வசதியான குடும்பத்தில் பிறந்தார். செரேர் இனம், கத்தோலிக்கர். 1928இல் பாரிஸ் போனார். 1935இல் இலக்கணத்தில் பிரான்சின் மிகக் கடினமான ஆசிரியர் தேர்வில் தேறிய முதல் ஆப்பிரிக்கர் ஆனார். 1940இல் பிரெஞ்சுப் படையில் இருந்தபோது ஜெர்மானியரிடம் பிடிபட்டு முகாமில் கிடந்தார். 1945இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். இதெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். படித்த கட்டுரையில் தியா இருந்திருக்க மாட்டார். இருந்தாலும் ஒரு வரிதான் கிடைத்திருக்கும்.

தியா பள்ளி ஆசிரியர், முஸ்லிம், கணக்கு வழக்கிலும் பொருளாதாரத்திலும் ஊறியவர். 1948இல் செங்கோர் பிரெஞ்சு சோஷலிஸ்ட் கட்சியை விட்டு வெளியே வந்து தனிக்கட்சி தொடங்கியபோது கூடவே வந்தவர். அதுவரை செனகல் அரசியல் என்றால் இன்றைய தலைநகரான டக்கார், செயின்ட் லூயி முதலான நாலு நகரங்களின் அரசியல். அந்த நகரத்தாருக்கு வெகுகாலமாகவே வாக்குரிமை இருந்தது. கிராமத்தானை யாரும் மதிக்கவில்லை. இவர்கள் இருவரும் கிராமத்துக்குப் போனார்கள். நிலக்கடலை போடும் சம்சாரியையும், அவன் யார் சொல்லுக்குக் கட்டுப்படுவானோ அந்த மராபு எனும் முஸ்லிம் குருமார்களையும் பிடித்தார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் ஒரு கத்தோலிக்கர் இருபது ஆண்டு ஆண்டது இந்த அடித்தளத்தில்தான். மேடையும் கவிதையும் செங்கோருக்கு. கட்சி வேலையும் நிர்வாகமும் பெரும்பாலும் தியாவுக்கு.

1960இல் விடுதலை வந்தது. செங்கோர் குடியரசுத் தலைவர், தியா பிரதமர். அன்றைய அரசியல் சட்டப்படி அன்றாட ஆட்சி பிரதமர் கையில். நாட்டின் வருமானமே நிலக்கடலைதான். பிரெஞ்சு வியாபாரக் கம்பெனிகளையும் இடைத்தரகர்களையும் ஒதுக்கிவிட்டுக் கூட்டுறவுச் சங்கம் வழியாக அரசே கடலையை வாங்கத் தொடங்கினார் தியா. கம்பெனிகளுக்குக் கோபம். கடலை விவசாயத்தில் பெரும்புள்ளிகளான மராபுகளுக்குக் கோபம். சலுகையைப் பறிப்பாரோ என்று எம்.பி.க்களுக்குக் கோபம். தியாவுக்கும் நயமாகப் பேசிக் காரியம் சாதிக்கும் குணம் கிடையாது. எதிரிகளெல்லாம் செங்கோர் வீட்டு வாசலில் போய்ச் சேர்ந்தார்கள்.

1962 டிசம்பரில் தியாவின் அரசுமீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்கள் அவருடைய கட்சிக்காரர்களேதான். முதலில் கட்சிக்குள் பேசித் தீர்க்க வேண்டும் என்றார் தியா. கேட்கவில்லை. 17ஆம் தேதி ஜென்டார்ம் எனும் ராணுவக் காவல்படையினரை அனுப்பி நாடாளுமன்றத்தைக் காலி செய்ய வைத்தார். அது தவறு, அந்த ஒரு தவறுதான் அவரை முடித்தது. எம்.பி.க்கள் சபாநாயகர் லாமின் கெயேயின் வீட்டில் கூடித் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். பாராசூட் படை செங்கோர் பக்கம் நின்றது. மறுநாள் தியா கைதானார். முந்தைய தேர்தல்களில் செங்கோரும் தியாவும் சேர்ந்து தோற்கடித்த அதே லாமின் கெயேயின் வீட்டில் வைத்தே தியாவின் கதை முடிந்தது என்பதையும் கவனியுங்கள்.

ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி என்று வழக்கு. சட்டப்படி ஆட்சி கையில் இருந்த பிரதமர் தன்னைத் தானே கவிழ்த்துக்கொள்வாரா என்ற கேள்விக்கு இன்றுவரை சரியான பதில் கிடையாது. 1963 மேயில் விசாரித்த சிறப்பு நீதிமன்றத்தில் எம்.பி.க்களே தீர்ப்பளிப்பவர்களாக உட்கார்ந்தார்கள். மேல்முறையீடு இல்லை. தியாவுக்கு ஆயுள், அவருடைய அமைச்சர்கள் மூவருக்கு இருபது ஆண்டு, இன்னொருவருக்கு ஐந்தாண்டு. அனுப்பிய இடம் கெடுகு. டக்காரிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி, தென்கிழக்கு மூலையில், கொளுத்தும் வெயில் ஊர். 1974 மார்ச்சில்தான் தியா வெளியே வந்தார். பதினோரு ஆண்டுக்கும் மேல். கண் பார்வை பெரிதும் போயிருந்தது. நீங்கள் பெருமையோடு சொன்ன செங்கோரின் சென்னைப் பயணமும் அதே 1974இல்தான்.

தியாவோடு பிரதமர் பதவியும் போனது. 1963இல் புதிய அரசியல் சட்டம். எல்லா அதிகாரமும் குடியரசுத் தலைவருக்கு. சில ஆண்டுகளில் ஒரே கட்சி. 1970இல் பிரதமர் பதவியை மீண்டும் கொண்டுவந்து அதில் இளைஞரான தியூஃபை உட்கார வைத்தார். குடியரசுத் தலைவர் விலகினால் மீதிக் காலத்துக்குப் பிரதமரே வாரிசு என்று 1976இல் சட்டத்தைத் திருத்தினார். ஆக, 1980இல் நடந்தது பதவி விலகல் மட்டும் கிடையாது, நாலு வருடம் முன்பே எழுதி வைத்த உயில். மக்கள் தியூஃபுக்கு ஓட்டுப் போட்டது 1983இல்தான்.

‘யாரும் தள்ளாமல்’ என்பதும் பாதிதான் சரி. பிரான்ஸ் கடலைக்குக் கொடுத்துவந்த கூடுதல் விலை அறுபதுகளின் இறுதியில் நின்றுபோனது. அடுத்து வறட்சி. தியா தொடங்கிய கூட்டுறவு முறை ஒன்காட் என்ற அரசு நிறுவனமாகி, ஊழலும் கடனும் பெருத்து, அதே 1980இல் இழுத்து மூடப்பட்டது. ஆட்சி நடத்தும் இன்பம் அப்போது அவ்வளவாக மிச்சமில்லை.

கவிஞன் ஆண்டால் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கல்விக்கும் கலைக்கும் அள்ளிக் கொடுத்தார், உண்மைதான். 1966இல் டக்காரில் நடத்திய உலகக் கறுப்பினக் கலை விழாவுக்கு ஈடாக அதற்குமுன் எதுவும் நடந்ததில்லை. ஆனால் உள்ளே இருந்த இலக்கண வாத்தியாரும் கூடவே ஆண்டார். செனகலில் பரவலாகப் பேசப்படும் வொலொஃப் மொழியை எப்படி எழுதுவது என்று அரசாணையே போட்டார். எதிர்க்கட்சிக்காரரும் பெரும் அறிஞருமான ஷேக் அந்தா தியோப்பின் ‘சிக்கி’ பத்திரிகைக்கு, பெயரில் ஒற்று இரட்டிக்கக் கூடாது என்று தடை வந்தது. தியோப் எழுத்தை மாற்ற மறுத்துப் பத்திரிகையின் பெயரையே மாற்றிக்கொண்டார். உஸ்மான் செம்பேனின் ‘செத்தோ’ திரைப்படத்துக்கும் இதே ஒற்றுத் தகராறில் தடை. ஒற்று மிகுமா மிகாதா என்று நம்மிடையே நடக்கும் ஃபேஸ்புக் சண்டையில் ஒரு தரப்பிடம் போலீஸும் இருந்தால் எப்படியிருக்கும், அப்படி. தியோப்பின் கட்சிக்கு அங்கீகாரம் கிடைத்தது செங்கோர் போன பிறகு, 1981இல்.

திராவிடத் தொடர்பைப் பற்றி விரிவாக எழுத எனக்கு ஆர்வமில்லை. டக்கார் பல்கலைக்கழகத்தில் இந்திய–ஆப்பிரிக்க ஆய்வுக்கு அவர் இடம் கொடுத்தார், நம் தமிழறிஞர் க.ப. அறவாணன் அங்கே போய்ப் பணியாற்றினார். இரண்டும் நல்ல விஷயங்கள். ஆப்பிரிக்க மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு உண்டு என்ற கருத்தை மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை. நம்மைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார் என்பதற்காக ஒரு ஆட்சியாளருக்கு நாம் சலுகை மதிப்பெண் போட வேண்டியதில்லை.

அதற்காக அவரைச் சர்வாதிகாரிகள் வரிசையில் தள்ளிவிடவும் மாட்டேன். செக்கூ தூரேயின் போய்ரோ சிறை முகாமில் மனிதர்களைப் பட்டினி போட்டே கொன்றார்கள். செங்கோர் தியாவை விடுவித்தார், 1976இல் மன்னிப்பும் கொடுத்தார். அந்த ஆண்டே மூன்று கட்சிகளுக்கு அனுமதி தந்தார். செனகலில் ராணுவம் இதுவரை ஆட்சியைப் பிடித்ததில்லை. 2000இல் தியூஃப் தேர்தலில் தோற்று அமைதியாக வீட்டுக்குப் போனார். இதில் செங்கோருக்குப் பங்கில்லை என்று சொன்னால் அது அநியாயம். கெடுகுவில் கழிந்த ஆண்டுகளை மறைத்துவிட்டு இந்தப் பங்கை மட்டும் பேசுவதும் அதே அளவு அநியாயம். செனகல்காரர்கள் மறைக்கவில்லை. டக்காரின் பழைய விமான நிலையத்துக்குச் செங்கோர் பெயரை வைத்தார்கள். அரசின் நிர்வாகக் கட்டிடத்துக்கு மமாது தியாவின் பெயர். தியா 2009இல் தன் 98ஆம் வயதில் இறந்தார், செங்கோர் இறந்து ஏழாண்டுக்குப் பிறகு.

செங்கோரின் கவிதைகளை, கிடைத்தால், போர்க்காலத்தில் எழுதியவற்றிலிருந்து தொடங்குங்கள். 1944 டிசம்பர் 1 அன்று, பிரான்சுக்காகப் போரிட்டுத் திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் டக்காரை ஒட்டிய தியாரோய் முகாமில் சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். பிரெஞ்சு ராணுவம் அவர்களைச் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் சண்டை நடக்கிறது. அதைப் பற்றி அவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்