தாம்பரம் பக்கம் குடியேறினால் என்ன வசதி, என்ன தொல்லை?

முதல் வசதி மின்சார ரயில். தாம்பரத்திலேயே புறப்படும் சென்னைக் கடற்கரை வண்டியைப் பிடித்தால் உட்கார இடமும் கிடைக்கும். 2023 இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபின் தென்மாவட்டக்காரர்களுக்குப் பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புவது பக்கம்தான்.

தொல்லை தண்ணீரால், அதுவும் இரண்டு விதமாக. கோடையில் லாரித் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் வாசலில் வெள்ளம். 2015இல் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2021இல் தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது, சரி. ஆனாலும் பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் கழிவுநீர் லாரிக்குத்தான் போன் போட வேண்டும்.

வாடகை குறைவு என்று தரகர் சொல்வார். அதைவிட, மதில் சுவரில் நீர்க்கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, சாலையைவிட வாசல் பள்ளமா என்று பாருங்கள். மழை நாளில் போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது.